வீட்டு ஒலிபெருக்கியும் செவியின் தீர்ப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒலியைப் பிறப்பிக்கும் கருவிகள் பலவாகும். பிறந்த ஒலியை மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவி ஒலிபெருக்கி. வீணைக்குத் தனக்கென ஒரு நாதம் உண்டு. பலாமரத்தின் குணமும் குடத்தின் வடிவும் அந்நாதத்திற் கலந்திருப்பதே அதன் பெருமை. ஒலிபெருக்கிக்கு இப்பெருமை பொருந்தாது. அதன் மரப்பெட்டியோ கடதாசிக் கூம்போ தன் குரலைக் காட்டுமாயின் அது குறையெனவே கொள்ளப்படும். தன் இயல்பை அடக்கி, பிறிதொன்றன் இயல்பைக் கேட்போனுக்கு உணர்த்துவதே அதன் தொழில். அவ்வாறாயின், பல ஒலிபெருக்கிகளுள் சிறந்தது எது என்பதை யார், எவ்வாறு தீர்மானிப்பது? இவ்வினாவுக்கு நூறாண்டுகளுக்கு மேலாக மேடையிலும் தொழிற்சாலையிலும் நீதிமன்றத்திலும் ஆய்வுகூடத்திலும் விடை தேடப்பட்டு வந்துள்ளது. அத்தேட்டத்தின் வரலாற்றை ஆராய்ந்து, அது இந்நாட்டுக் கேட்போருக்கு உணர்த்துவது யாதெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலகெதரவும் கேட்கும் மரபும்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் வீதியில், கண்டிக்கு வடமேற்கே அமைந்துள்ள ஊர் கலகெதர. 'கல்' என்பதும் 'வீடு' என்பதும் சேர்ந்த சிங்களப் பெயர் அது. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அண்டி வாழும் கண்டிப் பிரதேசத்தில், நேரிற் கேட்கப்படும் இசைக்குப் பஞ்சமில்லை. விகாரைகளிலும் பெரஹராவிலும் முழங்கும் கெட்டபெரய, கோயில்களின் நாதஸ்வரமும் தவிலும், முஸ்லிம்களின் றபான், தோட்டப்புறங்களிற் காமன் கூத்துக்கு அடிக்கப்படும் தப்பு ஆகியவை எவ்விதக் கருவியின் இடையீடுமின்றி மக்களின் செவிக்கு எட்டி வந்தவை. இது பின்னர் ஆராயப்படவிருக்கும் வினாவுக்கு மிக இன்றியமையாத செய்தியாகும்.

இத்தகைய ஊர்களில் மக்கள் முதலில் அறிந்த ஒலிபெருக்கி, கம்பத்திற் கட்டப்பட்ட புனல் வடிவக் கருவியே. நெடுந்தூரம் கேட்பதும் சொல் விளங்குவதும் அதன் இலக்கு. தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் அது கைவிட்டுவிடும். வீட்டினுள் முதலிற் புகுந்தது வானொலிப்பெட்டி. 1925 டிசம்பர் 16 ஆந் திகதி கொழும்பில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. 1950 இல் ஆரம்பமான இலங்கை வானொலியின் வர்த்தக சேவை சிற்றலையிற் கடல்கடந்தும் புகழீட்டியது. எனினும் சிற்றலை ஒலிபரப்பு ஏறத்தாழச் செக்கனுக்கு 5,000 அதிர்வு வரையிலான ஒலிகளையே ஏந்தி வரும். மனிதச் செவியோ 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளை உணர வல்லது. ஊற்றே ஒடுங்கியிருக்கையில் வாய்க்காலை அகலமாக்குவதாற் பயனில்லை. 1948 இல் நீண்டநேர இசைத்தட்டும், 1958 அளவில் இருவழி ஒலி இசைத்தட்டும் சந்தைக்கு வந்த பின்னரே நல்ல ஒலிபெருக்கியின் தேவை மேனாட்டு வீடுகளிற் பரவலாக உணரப்பட்டது. இலங்கையிலோ 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. 1977 இன் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், மத்திய கிழக்கிற்குத் தொழில் தேடிச் சென்றோர் ஒலிநாடாக் கருவிகளுடன் திரும்பியதும் புதிய நிலைமையைத் தோற்றுவித்தன. ஒலிபெருக்கி வீட்டு முன்னறையின் அணிகலனாயிற்று. அதன் சிறப்பு விலையாலும் உருவத்தாலும் பெயராலும் அளக்கப்பட்டது. இவ்வளவுகோல் சரியானதா என்பதே ஆராயத்தக்கது.

இயங்கு சுருளின் தோற்றம்

காந்தப்புலத்தில் ஒரு கம்பிச்சுருளை வைத்து மின்னோட்டத்தைச் செலுத்தினால் அச்சுருள் அசையும் என்னும் தத்துவத்தின் அடிப்படையில் ஜேர்மனியரான வேர்னர் சீமென்ஸ் 1874 இலேயே காப்புரிமை கோரினார். 1898 இல் பிரித்தானிய பௌதிக அறிஞர் ஒலிவர் லொட்ஜ் அதனை ஒலிக்கருவியாக வகுத்தார். ஆயினும் நலிந்த மின்னோட்டத்தை வலுவுறச் செய்யும் விரியலாக்கி அக்காலத்தில் இருக்கவில்லை. 1906 இல் லீ டி பொறஸ்ட் அமைத்த மூவாய் வால்வும் அதன் வழிவந்த முன்னேற்றங்களுமே அக்குறையைத் தீர்த்தன.

1925 இல் அமெரிக்க ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைசும் எட்வேர்ட் கெலொக்கும் வெளியிட்ட ஆய்வுரை இத்துறையின் தொடக்கக் கல் எனலாம். சிறிய கடதாசிக் கூம்பொன்றைச் சுருளாற் செலுத்தி, அதன் இயற்கையான பரிவு மீடிறனை, ஒலிக்க வேண்டிய மீடிறன்களுக்குக் கீழே தள்ளிவிடுதல் அவர்கள் கண்ட வழி. கருவியின் சொந்தக் குரலை இசையின் பாதையிலிருந்து அகற்றும் முயற்சியே இது. இன்று விற்பனையாகும் வீட்டு ஒலிபெருக்கிகளுட் பெரும்பாலானவை, விலை எதுவாயினும், இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

மேடையில் நடந்த சோதனைகள்

ஒலிக்கருவி உண்மையொலியைத் தருகிறதா என்பதை அறிய உண்மையொலியோடு ஒப்பிடுதலே நேரான வழியாகும். இதனை வணிக விளம்பரமாக முதலில் நடத்தியது தோமஸ் எடிசனின் நிறுவனம். 1915 முதல் 1925 வரை அமெரிக்க நகரங்களிற் பாடகர்கள் இசைத்தட்டுக் கருவியின் அருகே நின்று பாடினர். இடையிற் பாட்டை நிறுத்தினர், கருவி தொடர்ந்தது. விளக்கணைந்த அரங்கிற் பாடியது யார் என்பது தெரியவில்லை என மக்கள் வியந்தனர். மின்விரியலாக்கியே இல்லாத, மிக ஒடுங்கிய ஒலிப்பரப்புடைய கருவி இவ்வெற்றியை ஈட்டியது எங்ஙனம்? பாடகர்கள் தம் குரலைக் கருவியின் அளவுக்குத் தணித்தும் ஒப்பச் செய்தும் பாடினர் என்பது பின்னர் வெளிப்பட்டது. கருவி மனிதனைப் பின்பற்றவில்லை. மனிதன் கருவியைப் பின்பற்றினான். நம்ப விரும்பும் செவியை ஏமாற்றுதல் எளிது என்பதே இச்சோதனைகள் தரும் பாடம்.

1954 இல் இலண்டன் றோயல் பெஸ்டிவல் மண்டபத்திலும், 1955 இல் நியூயோர்க் கார்னகி மண்டபத்திலும் கில்பேர்ட் பிறிக்ஸ் நடத்திய நிகழ்ச்சிகள் இவற்றினும் நேர்மை வாய்ந்தவை. யோர்க்‌ஷயரிற் புடைவை வணிகத்திலிருந்து வந்து 'வார்ப்டேல்' ஒலிபெருக்கிகளை ஆக்கிய அவர், மேடையில் இசைஞர்களையும் ஒலிப்பதிவையும் மாறிமாறிக் கேட்கச் செய்து தீர்ப்பைச் சபையோரிடம் விட்டார். 1950களின் பிற்பகுதியில் ஏ. ஆர். என்னும் அமெரிக்க நிறுவனம் 'பைன் ஆர்ட்ஸ்' நால்வர் குழுவைக் கொண்டு இத்தகைய நிகழ்ச்சிகளைப் பல நகரங்களில் நடத்தியது.

மூன்று வழிகள்

உயர்தர வீட்டு ஒலிபெருக்கி என்று இன்று சொல்லப்படும் வகை இரண்டாம் உலகப் போரின் பின்னரே உருப்பெற்றது. அதனை நாடிச் சென்றோர் வெவ்வேறு வழிகளை மேற்கொண்டனர்.

முதலாவது, போல் கிளிப்ஷ் 1946 இல் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்னும் சிற்றூரில் ஆக்கத் தொடங்கிய 'கிளிப்ஷ்ஹோர்ண்'. அறையின் மூலையில் வைக்கப்படும் இப்பெரும் பெட்டி, அம்மூலைச் சுவர்களையே தன் கொம்பின் நீட்சியாகக் கொள்கிறது. சில உவாற்று வலுவுடைய விரியலாக்கியே அதனைப் பேரொலியுடன் இயக்கப் போதுமானது. இரண்டாவது, எட்கார் வில்ச்சூரும் ஹென்றி குளொசும் 1954 இல் நிறுவிய ஏ. ஆர். நிறுவனத்தின் வழி. காற்றுப்புகாது மூடிய சிறு பெட்டியினுள் அடைபட்ட காற்றையே கூம்பின் வில்லாகப் பயன்படுத்தி, புத்தகத் தட்டில் வைக்கத்தக்க கருவியிலிருந்து ஆழ்ந்த ஒலியைப் பெற்றனர். மூன்றாவது, இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரிற் பீற்றர் வோக்கர் ஆக்கி 1957 இல் விற்பனைக்கு விட்ட 'குவாட்' நிலைமின் ஒலிபெருக்கி. அதிற் கூம்புமில்லை, பெட்டியுமில்லை. மிக மெல்லிய படலமொன்று நிலைமின் விசையால் முழுப்பரப்பிலும் ஒருங்கே அசைகிறது. மனிதக்குரலை அது ஒலித்த தெளிவு, ஏனைய ஒலிபெருக்கிகளை ஒப்பிட்டளக்கும் உரைகல்லாக அதனை ஆக்கிற்று. ஆயினும் மிக ஆழ்ந்த ஒலியும் பெரும் உரப்பும் அதற்கு எட்டா.

இம்மூன்றையும் ஒப்பிட்டு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. பெட்டி சிறிதாதல், ஒலி ஆழ்ந்திருத்தல், குறைந்த வலுவில் உரத்து ஒலித்தல் ஆகிய மூன்றையும் ஒருங்கே பெறல் இயலாது. எவையேனும் இரண்டையே பெறலாம். பியானோ மேதை யோசப் ஹொப்மனின் மகனும் ஒலிபெருக்கி ஆக்குநருமான அன்ரன் ஹொப்மன் வகுத்த விதி இது. கிளிப்ஷ் அளவிற் சிறுமையை இழந்தார். வில்ச்சூர் வினைத்திறனை இழந்தார். இவ்விழப்புகளுக்கிடையிலான தேர்வைக் கணித முறைக்கு உட்படுத்தியோர் அவுஸ்திரேலியாவில் ஆய்வு செய்த நெவில் தீலும், சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நிகழ்த்திய றிச்சேர்ட் சிமோலும் ஆவர். 1961 இலும் 1970களின் தொடக்கத்திலும் வெளிவந்த அவர்களின் ஆய்வுரைகளின் பின்னர், பெட்டியின் அளவும் துளையின் அளவும் கைவினைஞனின் ஊகத்தை விடுத்துச் சமன்பாட்டால் தீர்மானிக்கப்படலாயின.

குரலே உரைகல்

பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமான பி. பி. சி. யின் பொறியியலாளர் மேற்கொண்ட நெறி தனித்துக் கூறத்தக்கது. அவர்கள் தம் கலையகத்திலிருந்து வரும் ஒலியையும், கதவைத் திறந்து உள்ளே சென்றாற் கேட்கும் ஒலியையும் நாள்தோறும் ஒப்பிடும் வாய்ப்புடையோர். மனிதக்குரல் எல்லார்க்கும் நன்கு பழக்கமானதாகையால், அதில் நேரும் சிறு திரிபும் எளிதிற் புலனாகும் என அவர்கள் கருதினர். 1970களில் அவர்கள் உருவாக்கிய 'எல். எஸ். 3/5ஏ' ஏறத்தாழ ஓரடி உயரமேயுடையது. ஒலிபரப்பு வாகனத்தின் ஒடுங்கிய இடத்துக்காக அமைக்கப்பட்டது. அதன் ஆழ்ந்த ஒலி குறைவு. கிளிப்ஷ்ஹோர்ணின் உரப்பை அதிலிருந்து பெறுவதற்கு நூறு மடங்குக்கும் அதிகமான வலு வேண்டும். அவ்வலுவை அது தாங்காது. இருந்தும் குரலைத் திரிபின்றி ஒலித்தமையால் அது உலகெங்கும் வீட்டுக் கேட்போராற் போற்றப்பட்டது. உருவத்தைச் சிறப்புக்கு அளவாகக் கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டா.

நீதிமன்றம் ஏறிய ஒலி

இத்துறையிற் பெயர் பெற்றோருள் அமர் போஸ் நம் பிரதேசத்தோடு தொடர்புடையவர். அவர் தந்தை நொனி கோபால் போஸ் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்டு, பின் கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற வங்காளி. 1956 இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த போஸ், அளவைக் குறிப்புகளைப் பார்த்து வாங்கிய ஒலிபெருக்கி இசையரங்கின் அனுபவத்தைத் தராமை கண்டு ஏமாற்றமுற்றார். அரங்கிற் கேட்போனை அடையும் ஒலியிற் பெரும்பகுதி சுவர்களிற் பட்டுத் தெறித்து வருவதே என்னும் கருத்தினடியாக, 1968 இல் ஒன்பது சிறு ஒலிப்பான்களுள் எட்டினைப் பின்சுவரை நோக்கி அமைத்த '901' என்னும் ஒலிபெருக்கியை வெளியிட்டார்.

1970 இல் அமெரிக்க நுகர்வோர் சஞ்சிகையொன்று, இக்கருவியிற் கேட்கும் வாத்தியங்கள் அறையில் அங்குமிங்கும் அலைவது போலத் தோன்றுகின்றன என எழுதிற்று. அலைவது அறையிலன்று, சுவரோரமாகவே என்பது நிறுவனத்தின் வாதம். வழக்கு அமெரிக்க உயர்நீதிமன்றம் வரை சென்று, 1984 இற் சஞ்சிகைக்குச் சார்பாக முடிந்தது. சஞ்சிகை வேண்டுமென்றே பொய்யுரைத்ததாக நிறுவப்படவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். ஒலிபெருக்கி நன்றா தீதா என்பதை நீதிமன்றம் தீர்க்கவில்லை, தீர்க்கவும் இயலாது. கேட்ட ஒன்றைச் சொல்லில் வடிப்பது எவ்வளவு இடர்ப்பாடானது என்பதற்கும், அறையினின்று ஒலிபெருக்கியைப் பிரித்துப் பேசலாகாது என்பதற்கும் இவ்வழக்கு சான்றாக நிற்கின்றது.

திரைக்குப் பின்னால்

எடிசனின் மேடையில் ஏமாந்த செவியை நம்பத்தக்க சாட்சியாக மாற்றும் முறையைக் கனடாத் தேசிய ஆராய்ச்சிச் சபையிற் பணியாற்றிய புளொயிட் ரூல் வகுத்தளித்தார். ஒலியைத் தடுக்காத திரையின் பின்னே ஒலிபெருக்கிகளை வைத்து, உரப்பைச் சமப்படுத்தி, பெயரும் விலையும் தெரியாவண்ணம் கேட்போரை மதிப்பிடச் செய்தார். 1985 இலும் 1986 இலும் வெளிவந்த அவரது ஆய்வுரைகள் வியத்தகு ஒற்றுமையை எடுத்துக்காட்டின. எல்லா மீடிறன்களையும் ஏற்றத்தாழ்வின்றி ஒலிப்பதும், நேர்முன்னே மட்டுமன்றிப் பக்கங்களிலும் அதே சீர்மையுடன் ஒலி பரப்புவதுமான கருவிகளையே கேட்போர் திரும்பத்திரும்ப விரும்பினர். முரணான தீர்ப்புக் கூறியோர் பெரும்பாலும் கேட்குந்திறன் குறைந்தவர்களாயிருந்தனர்.

1994 இல் ஷோன் ஒலிவ் என்பாரும் அவர் துணைவரும் இன்னொரு சோதனை செய்தனர். திரையிருந்தபோது அளித்த புள்ளிகளைத் திரை நீங்கியதும் மக்கள் மாற்றினர். பெரியதும் விலையுயர்ந்ததும் பெயர்பெற்றதும் ஏற்றம் பெற்றன. ஒலியில் மாற்றமில்லை, கண் கண்டதே மாற்றம். 2003 இல் ஒலிவ் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்றோரும் பெறாதோருமாக இருநூற்றுக்கு மேற்பட்டோர் நான்கு ஒலிபெருக்கிகளைத் திரைமறைவிற் கேட்டனர். பயிற்சியுடையோர் நுட்பமாகவும் ஒரே சீராகவும் தீர்ப்பளித்தனராயினும், இரு சாராரும் சிறந்தது எது எனக் கொண்ட வரிசை ஏறத்தாழ ஒன்றே. நிபுணனுக்கும் சாதாரண கேட்போனுக்கும் இடையிலுள்ளதாகக் கூறப்படும் பெருமதிலை இவ்வாய்வு தகர்த்தது எனலாம்.

இதற்கு ஒரு வரையறையும் கூறவேண்டும். ஒலிப்பதிவு செய்வோன் தன் கலையகத்து ஒலிபெருக்கியைக் கேட்டே பதிவின் தன்மையைத் தீர்மானிக்கிறான். அக்கருவி பிழையாயின் அப்பிழை பதிவினுள் மறைகிறது. அப்பதிவைக் கொண்டே மீண்டும் ஒலிபெருக்கிகள் சோதிக்கப்படுகின்றன. ரூல் சுட்டிய இச்சுழலிலிருந்து விடுபட நேரிற் கேட்ட ஒலியின் நினைவு பெரிதும் உதவும். தவிலையும் கெட்டபெரயவையும் நேரிற் கேட்டு வளர்ந்த செவிக்கு அவற்றின் அடியின் கூர்மையும் தோலின் தளர்வும் தெரியும். மேனாட்டுச் சஞ்சிகை எழுத்தாளனுக்கு வாய்க்காத உரைகல் அது.

கல்வீடும் ஈரக்காற்றும்

ஒலிபெருக்கியின் இறுதிப் பாகம் அறையே. 1895 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் எதிரொலி மிகுந்த விரிவுரை மண்டபமொன்றை ஆராயப் பணிக்கப்பட்ட வொலஸ் சபின், ஆசன மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கியும் அகற்றியும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். ஒலியுறிஞ்சலுக்கு அவர் கொண்ட அலகு திறந்த சன்னலின் பரப்பாகும். அதன்வழி வெளியேறிய ஒலி மீள்வதில்லை. சீமெந்துத் தரையும் பூசிய சுவரும் தம்மேற் படும் ஒலியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கையே உறிஞ்சுவன. ஊரின் பெயருக்கேற்பக் கல்லாலும் சீமெந்தாலும் அமைந்த முன்னறையில் விலையுயர்ந்த கருவியும் கலங்கி ஒலிக்கும். கனத்த திரைச்சீலை, பாய், துணி போர்த்த ஆசனம், திறந்த சன்னல் ஆகியன செலவின்றியே அதனைத் திருத்த வல்லன.

ஆழ்ந்த ஒலிகளில் அறையின் ஆட்சி மேலும் பெரிது. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதாற் 4 மீற்றர் நீளமுள்ள அறை, செக்கனுக்கு 43 அதிர்வுக்கு அண்மையிற் பரிவுறும். அம்மீடிறன் ஓரிடத்தில் முழங்கும், வேறோரிடத்தில் மறையும். ஒலிபெருக்கியை மூலையிலிருந்து இரண்டடி நகர்த்துவது, அதனை விற்று வேறொன்று வாங்குவதிலும் கூடிய மாற்றத்தைத் தரக்கூடும்.

காலநிலையும் கருதத்தக்கது. 1970களிலும் 1980களிலும் பல ஒலிபெருக்கிகளின் கூம்பு விளிம்பாகப் பயன்பட்ட பொலியூரதேன் நுரை, வெப்பத்தாலும் ஈரத்தாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளிற் பொடிந்து உதிர்வது. இறப்பர் விளிம்பும், ஏ. ஆர். தொடக்கத்திற் கையாண்ட பதப்படுத்திய துணி விளிம்பும் நெடுங்காலம் நிலைப்பவை. சில ஆயிரம் வோல்ற்றில் இயங்கும் நிலைமின் ஒலிபெருக்கிக்கு ஈரமும் தூசும் பகை. ஹண்டிங்டனில் ஒப்பற்றதாக விளங்கிய கருவி, இரு பருவக்காற்றுகளின் மழையும் பெறும் மலைச்சரிவில் அவ்வாறே விளங்கும் எனக் கொள்வதற்கில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், சிறந்த வீட்டு ஒலிபெருக்கிக்குரிய இலக்கணம் தெளிவாகின்றது. அது மீடிறன்களிடையே ஓரவஞ்சனை செய்யாதது. முன்னும் பக்கத்தும் ஒத்து ஒலிப்பது. குரலைக் குரலாகத் தருவது. தன்னை இயக்கும் விரியலாக்கிக்கும் தான் இருக்கும் அறைக்கும் இசைந்தது. தான் வாழும் காற்றில் நிலைப்பது. இவற்றுள் எதுவும் விலையால் உறுதிப்படுவதன்று. வீட்டின் பெறுமதிக்கு நிகரான விலையில் இன்று விற்கப்படும் ஒலிபெருக்கிகளும் இதே பௌதிக விதிகளுக்கும் இதே செவிக்கும் கட்டுப்பட்டவையே.

தீர்ப்புரிமை யாருக்கு என்னும் வினாவே இவ்வரலாற்றின் மையம். பெயரையும் விலையையும் மறைத்து, பழகிய குரலொன்றையும் நேரிற் கேட்டறிந்த வாத்தியமொன்றையும் ஒலிக்கச் செய்து, தன் அறையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் கலகெதரவாசி, ஒட்டாவாவில் திரைமுன் அமர்ந்தோர் கையாண்ட முறையையே கையாளுகிறான். அவனது செவி அவர்களின் செவிக்குக் குறைந்ததென்று கொள்ள ஆய்வுகள் இடந்தரவில்லை. பிறரது மதிப்பீட்டை விலைகொடுத்து வாங்கும் முன், தன் செவியின் சான்றைக் கேட்பதே அவனுக்கு உகந்த வழியாகும்.